அலையிலிருந்து மின்சாரம்: பணம் யார் தருவார்?

கேள்வி: பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் நான். கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு மாதிரி ஒன்றைச் செய்ய ஆசை. ஆராய்ச்சி நிதி எங்கே கேட்பது?
– ஒரு வாசகர், கரமனை, திருவனந்தபுரம்

பதில்: உங்கள் ஊரிலேயே முன்னோடி இருந்ததே! மத்திய கடல் மேம்பாட்டுத் துறையின் நிதியில், சென்னை ஐ.ஐ.டி. 1991-இல் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலைமின் நிலையம் அமைத்தது. மழைக்காலத்தில் நல்ல உற்பத்தி. மற்ற மாதங்களில் சொற்பம். பின்னாளில் அதைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்காமல் விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். ‘இதில் புதிதாக என்ன?’ என்றுதான் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பார்.

நிதி கேட்டு டெல்லிக்கு எழுதும் முன், உங்கள் ஊரின் பட்டம் பகுதியிலுள்ள சாஸ்திர பவனுக்குப் போங்கள். மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில் அங்கேதான். மாணவர் திட்டங்களுக்கும் நிதி தருகிறது. மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான அனெர்ட்டிலும் விசாரியுங்கள். பெரிய தொகை என்றால், 2023 சட்டப்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கூட்டாளியாகக் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று: முதல் தவணைக்குச் செலவுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை வரும். கல்லூரிக் கணக்காளரை இப்போதே நண்பராக்கிக்கொள்ளுங்கள்.