மனத்தை வரையும் வட்டம்

மாசி மகத்தன்று தெய்வங்கள் தீர்த்தவாரி கொள்ளும் புதுவை வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குச் செல்லும் நாளில், ஈரமணலில் விரலால் ஒரு வட்டமிட்டு, அன்றைய மனச்சஞ்சலம் அலையாகவோ முடிச்சாகவோ இருண்ட புள்ளியாகவோ எந்த ரூபத்தில் தோன்றுகிறதோ, அந்த ரூபத்திலேயே அதனுள் வரைந்து பாருங்கள். 1918-19இல் சுவிட்ஸர்லாந்தில் மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங், காலைதோறும் ஒரு நோட்டில் மண்டலம் எனப்படும் இத்தகைய வட்டச் சித்திரங்களை எழுதியே தம் உள்ளத்தின் மாறுதல்களைக் கவனித்துவந்தார். வாசலில் சிக்குக்கோலமிடும் நம் பெண்களுக்கு இப்படி வரைகையில் கூடும் ஏகாக்கிர சித்தம் புதிதன்று.

அழகைக் கருத வேண்டாம். மணலில் இட்டதை அலை கொண்டுபோகுமாதலால், வீட்டில் காகிதத்திலும் வரைந்து, தேதியிட்டு, மாதம் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். அர்த்தத்தைப் பிறர் சொல்ல விடாதீர்கள். துயரம் வாரக்கணக்கில் நீங்காவிடில், சித்திரத்தோடு நில்லாமல், 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணை அழையுங்கள்.