கண்காணிக்கும் புரோகிராமுக்குக் காவல் போடலாம்!

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். பையன் எவ்வளவு நேரம் உட்காருகிறான் என்று குறித்து வைக்க அப்பா ஒரு கண்காணிப்பு புரோகிராம் போட்டிருந்தார். இரண்டே வாரத்தில் அதன் லாக் ஃபைல் காணவில்லை. பையன் டெலீட் செய்துவிட்டான், அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டார்கள்.

இப்படிப் பின்னணியில் இயங்கிக் கவனிப்பதை ஏஜெண்ட் என்பார்கள். பெரும்பாலும் இது சிஸ்டம் என்ற அக்கவுண்ட்டின் பெயரில் ஓடும். அதற்கு அதிகாரம் மிக அதிகம். லாக் போனால்கூடப் பரவாயில்லை. ஏஜெண்ட்டின் புரோகிராம் ஃபைலையே மாற்றி வைக்க முடிந்தால், அந்த இடத்தில் வந்து உட்காரும் வைரஸும் அதே அதிகாரத்துடன் ஓடும்!

இதைத் தடுப்பது அக்செஸ் கண்ட்ரோல் லிஸ்ட், சுருக்கமாக ஏ.சி.எல். ஃபிளாட் வாசலில் உள்ள ரிஜிஸ்டரில் வாட்ச்மேன்தான் எழுதுவார், செக்ரட்டரி புரட்டிப் பார்ப்பார் அல்லவா? அதுபோல ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் என்ன செய்யலாம் என்ற பட்டியல் உண்டு. 1993-ல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். டிரைவில் இது கிடைக்கும். பென் டிரைவ்களில் உள்ள ஃபேட்32-ல் கிடையாது.

முதலில் பையனுக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவர் எந்தப் பட்டியலையும் மாற்றிவிடலாம்.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு விண்டோஸே பாதுகாப்பு தருகிறது. இங்கே புரோகிராம் சி டிரைவில் நேராகத் தனி ஃபோல்டரில் இருந்தது. அங்கே ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், அதாவது லாக்-இன் செய்யும் எல்லாரும், மாற்றவும் அழிக்கவும் முடியும். எனவே அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு செல்லவும். டிஸேபிள் இன்ஹெரிடன்ஸ் அழுத்தி, கன்வெர்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு ஆதென்டிகேட்டட் யூசர்ஸை நீக்கவும். யூசர்ஸுக்கு ரீட் அண்ட் எக்ஸிக்யூட் போதும். உள்ளே லாக் ஃபோல்டருக்கு மட்டும் இதையே செய்து, யூசர்ஸையும் நீக்கவும். ஒருவர் பார்த்த தளங்களை இன்னொருவர் படிக்க வேண்டாமே! ஓனர் என்ற இடத்தில் பையன் பெயர் இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என மாற்றவும்.

சிஸ்டம் என்பதை நீக்காதீர்கள். எவ்ரிஒன்னுக்கு டினை கொடுப்பதும் வேண்டாம். அதில் நீங்களும் சிஸ்டமும் அடக்கம்.

ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து லாக் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அனுமதி இல்லை என்று வரும். கண்டின்யூ அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அங்கே மட்டும் பாஸ்வேர்டை டைப் செய்யாதீர்கள். பையன் பெயரை விண்டோஸ் நிரந்தரமாகப் பட்டியலில் சேர்த்துவிடும்.