குத்துவிளக்கும் எக்ஸ்ரே திரையும்

ஊரிலிருந்து திரும்பும் நம்மவர் பையில் என்னதான் இருக்காது? குத்துவிளக்கு, பூஜை மணி, இடியாப்ப அச்சு, ஒரு டப்பா அல்வா. ரயிலில் இவற்றைப் பற்றி யாரும் கேட்பது அபூர்வம். விமான நிலையத்தில் கேட்கிறார்கள். கேட்டால் சிலருக்கு முகம் சிவந்துவிடுகிறது. சோதனையாளர் திரையில் என்ன பார்க்கிறார் என்பதை அறிந்தால் பாதிக் கோபம் தணியும்.

திரையில் பொருளின் பெயர் தெரியாது. நிறமும் வடிவமுமே தெரியும். உணவு, துணி, பிளாஸ்டிக் ஆகியவை ஆரஞ்சு, இரும்பு, பித்தளை நீலம், இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவாத கனத்த உலோகம் வெறும் கறுப்பு. வெடிமருந்துகளில் பலவும் ஆரஞ்சாகவே தெரியும் என்பதால், இறுகக் கிண்டிய அல்வாவும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. கெட்டி வெண்கல விக்கிரகத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் திரை சொல்லாது. தண்டவாளத்தில் அல்ட்ராசானிக் கருவி சந்தேகக் குறி காட்டினால் நாங்கள் நின்று மறுபடி பார்ப்போம். தண்டவாளத்தின் மேல் எங்களுக்கு என்ன விரோதம்? இதுவும் அப்படித்தான்.

1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டு-டெல்லி விமானம் கடத்தப்பட்டது. அதன்பின், 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை விமான நிலையப் பொறுப்புக்கு வந்தது. அந்த வீரர் ராஜஸ்தான்காரராகவோ மணிப்பூர்காரராகவோ இருக்கலாம். இடியாப்ப அச்சை அவர் எங்கே கண்டார்? ஆகவே பையை வைக்கும்போதே, "சாப், இஸ்மே பீதல் கா தீயா ஹை" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொருளைப் பையின் மேலாக, சுலபமாகத் திறக்கும்படி வையுங்கள். பத்துச் சுற்று நூல் கட்டி வைத்தால் அவிழ்ப்பதற்குள் வரிசை முழுவதும் நம்மையே பார்க்கும். அவர் கேட்கும்வரை நாமாகப் பையில் கைவிட வேண்டாம். "வெடிகுண்டா வைத்திருக்கிறேன்?" என்ற கேலி அறவே கூடாது, விமானத்தையே தவறவிட நேரும்.

அஸ்தி கொண்டுபோவோர் மிகவும் கவனிக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கென்று மதுரை விமானம் ஏறும் மகன், தாயின் அஸ்திச் செம்பை அங்கே திறக்கச் சொன்னால் மனம் உடைந்துபோவான். செம்பின் உள்ளே இருப்பது திரையில் தெளிவாகத் தெரியாது என்பதே சிக்கல். மரப்பெட்டியிலோ கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவிலோ வைத்தால் கதிர் ஊடுருவும். திறக்கும் தேவை குறையும். இறப்புச் சான்றிதழும் சுடுகாட்டு ரசீதும் சட்டைப்பையில் இருக்கட்டும். விமான நிறுவனத்திடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் தாழ்ந்த குரலில், "மேரி மா கீ அஸ்தி ஹை" என்றால் போதும்.

அரிவாள்மனை, தேங்காய்த் துருவி போன்றவை சரக்குப் பெட்டியில் போகட்டும். கற்பூரம் எதிலும் வேண்டாம், எளிதில் தீப்பற்றுவது. கொப்பரையும் அப்படியே, அதன் எண்ணெய்ப்பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமான விதிகள் வகுத்திருக்கின்றன. நெய்த் தேங்காய் உள்ள இருமுடிக்கு மட்டும் 2022 நவம்பரில் விலக்கு அளித்து, சோதனைக்குப் பின் கையில் கொண்டுபோக 2023 ஜனவரி 20 வரை அனுமதித்தார்கள். 2024 அக்டோபரில் மறுபடி, 2025 ஜனவரி 20 வரை. இது அந்தந்தப் பருவத்துக்கான அனுமதி. மாலை போடும்போதே அந்த ஆண்டின் நிலையை விசாரித்துவிடுங்கள்.

எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் சில பொருள்களை மறுப்பார்கள். அப்போது, சரக்குப் பெட்டியில் போட முடியுமா என்று கேட்கலாம். வழியனுப்ப வந்தவரைச் சோதனை முடிந்து நீங்கள் போன் செய்யும்வரை வெளியே நிற்கச் சொன்னால், பாட்டியின் விளக்கு அவரோடு வீடு திரும்பும்.