படைத்தவனைப் பழித்த புலவர்கள்

கடவுள் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நாம் மேடைகளில் நிரம்பக் கேட்டிருக்கிறோம். பழந்தமிழ்ப் புலவர் இருவர் எழுப்பிய வினா வேறு. படைத்தவன் ஒருவன் இருப்பானாயின், அவன் நல்லவன்தானா? அறிவியல் மாணவனாகிய நான் புறநானூற்றைத் தேடிச் சென்றதற்கு நம் மலையே காரணம்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபெங்கல் புயல்மழையில் ஊறிய மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டை மூடின. இறந்தவர் எழுவர், அவருள் ஐவர் குழந்தைகள். டிசம்பர் 13ஆம் நாள் அதே மலையின் உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டது. அடியார்க்கு இது இறைவன் உறையும் மலை மட்டுமன்று, மலையே இலிங்கம். ஆகவே அவ்வினா இங்கே கூர்மையாகவே குத்துகிறது.

புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் கண்டதும் இதுதான். ஒரு வீட்டில் சாப்பறை, மற்றொன்றில் மணமுழவு. கூடியோர் பூச்சூட, பிரிந்தோர் கண்ணீர் வடிக்கின்றனர். இவ்வாறு அமைத்தவன் பண்பற்றவன் என்று கூறிவிடுகிறார் புலவர். அவன் இல்லை என்று அவர் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

கிரேக்க நாட்டு எபிகூரசின் பெயரால் வழங்கும் வாதம் இதையே தருக்கமாக்குகிறது. தீமையை நீக்க விரும்பியும் இயலாதவன் வல்லவனல்லன். இயன்றும் விரும்பாதவன் நல்லவனல்லன்.

இதற்கு நம் நாட்டார் தந்த விடை வினைக்கொள்கை. இறைவனுக்கு ஓரவஞ்சனையும் கொடுமையும் இல்லை, அவன் உயிர்களின் வினை நோக்கியே பயன் தருகிறான் என்கிறது பிரம்ம சூத்திரம். சங்கரர் அதற்கு மழையை உவமை காட்டுகிறார். மழை எல்லாவற்றிற்கும் பொது. நெல்லாவதும் வாற்கோதுமையாவதும் விதையைப் பொறுத்தது. முதற்பிறவிக்கு வினை எங்கிருந்து வந்தது என்றால், பிறவித்தொடருக்குத் தொடக்கமே இல்லை என்பர். சைவ சித்தாந்தமோ, வினையை நுகரச் செய்வதும் மருந்தூட்டுவது போன்ற அருளே என்னும்.

தருக்கத்தில் ஓட்டை காண்பது எளிதன்று. ஆயினும் மண்ணில் புதைந்த ஐந்து பிள்ளைகளின் உறவினரிடம் சென்று, 'இது பழவினை' என்று சொல்ல யாருக்கு நா எழும்?

வள்ளுவருக்கும் எழவில்லை என்றே நான் கருதுகிறேன். ஊழுக்கென 38ஆம் அதிகாரம் வகுத்தவர் அவர். ஆனால் இரவச்சத்தில், 1062ஆம் குறளில், இரப்பவனிடம் ஊழைப் பேசவில்லை. பிச்சையெடுத்தும் ஒருவன் வாழவேண்டுமென்றால், உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். பரிமேலழகர் உரை இன்னும் வியப்பு. வினைக்கொள்கையில் ஊன்றிய அவரே, சில உயிர்க்கு இரத்தலைத் தொழிலாக விதித்திருந்தால், அத்தீவினையால் படைத்தவனும் அத்துன்பத்தை அடையவேண்டும் என்கிறார். வினைக்கணக்கு எழுதுகிறவனும் கணக்கிற்குத் தப்பவில்லை! பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நீளும் கைகளைக் கண்டவர்க்கு இக்குறளுக்கு உரையே வேண்டாம்.

நன்கணியார் பழிப்போடு நிற்கவில்லை. உலகம் கொடியது, அதன் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காண்பாராக என்று முடிக்கிறார். இனியவற்றைக் காண்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது; இயல்பை உணர்வது கற்றுக்கொள்ளக்கூடியது. மழைநீர் மண்துளைகளில் நிறைந்தால் அதன் பிடிப்பு ஏன் தளர்கிறது என்பதும் அவ்வியல்பில் அடங்கும். அந்த ஆண்டு வல்லுநர்கள் மலைமண்ணை ஆராய்ந்த பின்னரே தீபக்கொப்பரை மேலே சென்றது; பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.