செல்லார் அறையை அழகுபடுத்துவது எப்படி?

நம் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது தரைக்கு மேலே எழுப்பும் அடித்தளத்தை. தரைக்குக் கீழே இருக்கும் தளத்துக்குத் திருப்பதியிலும் சித்தூரிலும் 'செல்லார்' என்று பெயர். வண்டி நிறுத்தத்தான் அதைக் கட்டுகிறார்கள். ஆனாலும் அதன் ஒரு மூலையில் பத்துக்குப் பத்து அறை ஒன்றைத் தடுத்து, அதில் வாட்ச்மேன் குடும்பம் வாழ்வதை நாம் தினமும் பார்க்கிறோம். அப்படிப்பட்ட அறையை அழகாக்குவது பற்றித்தான் இம்முறை பாடம்.

படம் மாட்ட ஆணியைக் கையில் எடுக்குமுன் ஓதத்தைச் சோதிக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியில்லாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலேயே ஈரம் அதிகம். ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். முதல் வகை ஈரத்துக்கு உள்ளே பூசும் எந்தப் பெயின்டும் மருந்தல்ல. வெளியே மழைநீர் சுவரோரம் தேங்காமல் வழி செய்ய வேண்டும், ஒழுகும் குழாயை அடைக்க வேண்டும். பளபளப்பான பெயின்ட் அடித்து மறைத்தால் சுவர் உப்புப் பூத்து, ஓராண்டுக்குள் பெயின்ட் கொப்புளித்து உதிரும்.

இத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காமல் வெளியே விடும். வெண்மையால் வெளிச்சத்தையும் கூட்டும். சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மஹாலை மரமே இல்லாமல் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை கொண்டே கட்டியிருக்கிறார்கள். திருப்பதிக்குப் பக்கம்தான், போய்ப் பாருங்கள்.

இனி அலங்காரம். சுவருக்கு என்னுடைய தேர்வு காளஹஸ்திக் கலம்காரி. ('கலம்' என்பது பாரசீகத்தில் எழுதுகோல், 'காரி' என்றால் வேலை.) காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, புளியங்கரியால் கோடிட்டு, மூங்கில் பேனாவால் வரைவார்கள். வெல்லத்தோடும் துருப்பிடித்த இரும்போடும் பல நாள் புளித்த நீர், துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்தவுடன் கருத்துவிடும். சிவப்புக்குப் படிகாரம் வேண்டும். அருகிப் போயிருந்த இக்கலை 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் மீண்டும் தழைத்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது காளஹஸ்தி திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று.

செல்லாருக்கு இந்தத் துணி பொருந்துவதற்குக் காரணம் உண்டு. இயற்கைச் சாயம் வெயில் பட்டால் மங்கும்; வெயில் வராத அறையில் அது நீண்ட நாள் நிற்கும். ஆனால் ஓதம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கண்ணாடிச் சட்டம் போடாதீர்கள். சுவரோடு ஒட்டவும் வேண்டாம். மேலே ஒரு கம்பியில் கோத்து, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கலம்காரி வாங்க வசதியில்லையா? பழைய சுங்குடிச் சேலையும் அதே கம்பியில் தொங்கும்.

வெளிச்சத்துக்கு, கூரையை ஒட்டிய வென்டிலேட்டருக்கு எதிர்ச்சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வையுங்கள். பீரோவை வென்டிலேட்டருக்குக் கீழே உள்ள சுவரில் சாத்தினால் வெளிச்சம் மறையாது; அதற்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கதவு கார்கள் நிற்கும் பக்கம் இருந்தால் புகை உள்ளே வரும். காற்றுக்கு வேறு பக்கம் வழியில்லாத அறையில், எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரையும் படுக்க வைக்கக் கூடாது. அங்கே கரி அடுப்பு மூட்டவே கூடாது.

மழையையும் கணக்கில் கொள்ளுங்கள். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. தெருவில் வெள்ளம் வந்தால் முதலில் நிரம்புவது செல்லார். பிளக் பாயின்ட்டுகள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பிள்ளைகளின் புத்தகங்கள், ரேஷன் கார்டு, துணிப்பெட்டி எல்லாம் மேல் பரணில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை வந்த இரவில், அந்தக் குடும்பத்துக்கு மாடியில் ஓர் அறையைத் திறந்து விடுங்கள்.