மல்லிகை செண்டும் கேஸ் வாடையும்

கேள்வி: எனக்கு மல்லிகை வாசனை என்றால் உயிர். வீட்டில்தான் இருக்கிறேன் என்றாலும் காலையில் குளித்ததும் இரண்டு தடவை செண்ட் அடித்துக்கொள்வேன். அரை மணி நேரத்தில் வாசனை போய்விடுகிறது. மறுபடி அடிப்பேன். மதியத்துக்குள் நாலைந்து தடவை ஆகிவிடும். ஆனால் சாயங்காலம் வேலையிலிருந்து வரும் கணவர் வாசலிலேயே தும்முகிறார். ‘தெருமுனை வரைக்கும் அடிக்குதும்மா’ என்கிறாள் மகள். கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டாரா? இன்னொன்று: சமீபத்தில் கடைக்குப் போய்த் திரும்பி வீட்டுக்குள் காலை வைத்ததும் கேஸ் வாடை அடித்தது. உள்ளேயே உட்கார்ந்திருந்த மாமியார், ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ என்றார். உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டேன். ஆள் வந்து பார்த்து ட்யூபை மாற்றினார். மூக்கு யாருக்குச் சரியில்லை, எனக்கா அவருக்கா? கடைசியாக, செண்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள்பட இருக்கும் என்கிறாள் மகள். கரண்ட் பில் ஏறும் என்கிறார் மாமியார். எது சரி?

ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஒரே கேள்விதான் என்பது உங்களுக்கே பாதி தெரிந்திருக்கும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் செண்டையும் கேஸையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் அந்தக் கடைக்காரரை விட்டுவிடுவோம். சந்தையில் டூப்ளிகேட் செண்ட் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குச் சாதகமான இரண்டு சாட்சிகளை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். காலையிலேயே பறந்துபோன வாசனைக்குச் சாயங்காலம் உங்கள் கணவர் தும்ம முடியாது.

செண்டில் ஒரு பங்கு நிஜமாகவே சீக்கிரம் பறந்துவிடும் என்பதும் உண்மை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்களின் மூலக்கூறுகள் எடை குறைந்தவை. உடம்புச் சூட்டில் கால் மணி, அரை மணிக்குள் ஆவியாகிவிடும். செண்ட் தயாரிப்பவர்கள் இதை மேல்மணம் என்பார்கள். மூடியைத் திறந்ததும் முதலில் வந்து மயக்குவது இதுதான். மல்லிகை, ரோஜா போன்ற பூ வாசனைகள் நடுமணம், சில மணி நேரம் தங்கும். சந்தனம், வெண்ணிலா, கஸ்தூரி வகையெல்லாம் அடிமணம். துணியில் பட்டால் மறுநாள்கூடத் தெரியும். ஆக, அரை மணியில் உங்கள் செண்டின் முகப்பு போயிருக்கலாம். நீங்கள் ஆசைப்பட்ட மல்லிகை போயிருக்காது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செண்ட் அடிக்கும்போது ஒரு கைக்குட்டையிலும் அடித்து, அதை வேறு அறையில் காற்றாட விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்து, வந்த சுருக்கில் கைக்குட்டையை முகர்ந்து பாருங்கள். வாசனை அதில் இருக்கும். அப்படியானால் அரை மணியில் களைத்துப்போனது உங்கள் மூக்கு.

களைப்பு என்றுகூடச் சொல்லக்கூடாது. மூக்கு அதன் வேலையைத்தான் சரியாகச் செய்கிறது. சுற்றிலும் எவ்வளவு வாசனை இருக்கிறது என்று அளந்து சொல்வது மூக்கின் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புதிதாக என்ன வந்தது என்று சொல்வதே அதன் முதல் வேலை. தெருவில் புதிதாகக் குடிவந்தவரைப் பற்றித்தான் திண்ணையில் பேச்சு நடக்கும். இருபது வருஷமாக இருப்பவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஒரே மணம் விடாமல் வந்துகொண்டே இருந்தால் அதைச் சொல்வதை மூக்கு படிப்படியாக நிறுத்திக்கொள்ளும். இதற்கு நுகர்வுத் தகவமைவு என்று பெயர்.

இது இரண்டு இடத்தில் நடக்கிறது. முதல் இடம் மூக்கின் உச்சி. இரண்டு கண்களுக்கும் நடுவே, உள்ளே மேலாக, சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் மணம் உணரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் இருப்பவை மண ஏற்பிகள், அதாவது காற்றில் வரும் மண மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1991-ல் கண்டுபிடித்தார்கள். 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் சுமார் 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. மண மூலக்கூறு ஏற்பியில் வந்து ஒட்டியதும் நரம்பணுவின் சுவரில் நுண்ணிய வழிகள் திறக்கின்றன. அவற்றின் வழியே கால்சியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற கால்சியம் அணுக்கள், உள்ளே பாய்கின்றன. செய்தி மூளைக்குக் கிளம்புகிறது. வேடிக்கை என்னவென்றால், செய்தியைக் கிளப்பிவிட உதவிய அதே கால்சியம்தான், உள்ளே வந்த கையோடு அந்த வழிகளை அடைக்கும் வேலையையும் ஆரம்பித்துவைக்கிறது. இதெல்லாம் சில விநாடிகளில் நடந்துவிடும்.

இரண்டாவது இடம் மூளை. அடைபட்டது போக மிச்சமாக வரும் செய்தியையும், ‘இது தெரிந்ததுதானே’ என்று மூளை பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆனால் எல்லா மணத்தையும் தள்ளுவதில்லை. மல்லிகை தெரியாமல் போன அதே மூக்குக்கு, அடுப்பில் பால் அடிப்பிடித்தால் உடனே தெரிகிறதல்லவா? பழகிப்போன மணத்துக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டும்தான் இந்த அலட்சியம். நிலக்கோட்டை பூச்சந்தையில் காலை முதல் மல்லிகைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரிடம், ‘என்ன வாசனை!’ என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். தலையில் பூ வைத்தவரைவிட, பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் பூவின் சுகம் அதிகம்.

கொஞ்ச நேரப் பழக்கம் என்றால், காற்றாட வெளியே போய்வந்தால் சில நிமிடங்களில் மூக்கு தெளிந்துவிடும். நாட்கணக்கில் பழகியது அப்படி இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் மோனெல் என்ற ஆய்வு மையம் இருக்கிறது. சுவை, மணம் இரண்டையும் மட்டுமே ஆராயும் இடம். அங்கே நடந்து 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலரின் வீட்டிலேயே ஒரு வாசனைப் பொருளை இரண்டு வாரம் வைத்தார்கள். அந்த மணத்தை உணரும் திறன் அவர்களுக்குக் குறைந்தது. பொருளை எடுத்த பிறகும் இரண்டு வாரம் வரை குறைந்தே இருந்தது. அவரவர் வீட்டு வாசனை அவரவருக்குத் தெரியாததற்கும், ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும்போது மட்டும் ஒரு கணம் தெரிவதற்கும் இதுவே காரணம். தினமும் அதே மல்லிகையை அடிக்கும் உங்களுக்கு இப்போது அரை மணி கிடைப்பதே பெரிது.

இனி கேஸ். இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலில் எடுத்துவிட வேண்டும். கேஸுக்கு வாடை உண்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாடை கிடையாது. நாம் முகர்வது எத்தில் மெர்காப்டன். அழுகிய வெங்காயம் போல நாறும் கந்தகச் சேர்மம். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். இந்தப் பழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், கட்டடத்துக்கு அடியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு மின் கருவியின் தீப்பொறியில் வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் கேஸில் நாற்றம் சேர்ப்பதை அங்கே சட்டமாக்கினார்கள். மற்ற இடங்களுக்கும் பரவியது. நம் நாட்டில், தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு கேஸ் காற்றில் கலந்தாலே வாடை தெரிய வேண்டும் என்பது விதி.

விதி சரி. ஆனால் அந்த வாடை தெரிவது தெளிந்த மூக்குக்கு. மெதுவாகக் கசிந்து, அறைக்குள் இருப்பவரின் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொண்டே ஏறும் வாடையை அந்த மூக்கு தவறவிடலாம். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நீங்கள் வெளிக்காற்றிலிருந்து வந்தீர்கள், தெரிந்தது. மாமியார் உள்ளேயே இருந்தார், தெரியவில்லை. அன்று கடைக்குப் போனவர் அவராக இருந்தால், வாசலில் நின்று உங்களை அவர் கேட்டிருப்பார்.

வயதுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1986-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் ஆறு வாசனைகளைத் தேய்த்து முகரும் அட்டையில் அச்சிட்டு வாசகர்களுக்கு அனுப்பியது. சுமார் 15 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். வாழைப்பழம், ரோஜா, கிராம்பு இவற்றோடு கேஸ் வாடையும் அந்த ஆறில் ஒன்று. வயது ஏற ஏற மணம் உணர்வது குறைகிறது, ஆனால் எல்லா மணமும் ஒரே வேகத்தில் குறைவதில்லை என்பது அதில் தெரிந்தது. ஆகவே பெரியவரைத் தனியாக வீட்டில் விட்டுப் போகும்போது ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவது அவர்மேல் நம்பிக்கையில்லாமல் அல்ல என்று இதமாகச் சொல்லி வையுங்கள். இரவில் அதை எல்லோருமே மூட வேண்டும். தூங்கும்போது சத்தம் எழுப்புவது போல வாடை நம்மை எழுப்புவதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர்கள் கடும் நாற்றத்துக்கும் எழவில்லை என்று 2004-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அன்று நீங்கள் ரெகுலேட்டரை மூடியது மிகச் சரி. வாடை வந்தால் வேறென்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடத்தான் கை முதலில் போகும், அதுவும் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவுகளையும் விரியத் திறந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு 1906-க்கு அழைக்கலாம், அது கேஸ் கசிவுக்கான அவசர எண். முக்கியமாக, உள்ளே நின்றுகொண்டு ‘இப்போ வாடை இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். போனது கேஸாக இருக்கலாம், உங்கள் மூக்கின் கவனமாகவும் இருக்கலாம். சாதாரண நாளில் ட்யூபும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். கசிந்தால் குமிழ் விடும். குமிழைப் பார்க்கக் கண் போதும், மூக்கு வேண்டாம். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: வேண்டவே வேண்டாம். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா ட்யூபின் ஆயுள் 5 வருடம். புதிதாக மாற்றியதில் தேதி அச்சிட்டிருக்கும், பார்த்து எங்காவது குறித்து வையுங்கள்.

செண்டுக்குத் திரும்புகிறேன். கழுத்தில் அடித்தால் மூக்குக்கு நேர் கீழே ஓயாமல் மணந்துகொண்டிருக்கும். மூக்கு சீக்கிரம் பழகிவிடும். முழங்கை மடிப்பிலோ புடவைத் தலைப்பிலோ அடித்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது வந்துபோகும் மணம் மூக்குக்குப் புதிதாகவே இருக்கும். சில வாரம் மல்லிகையை விட்டு மரிக்கொழுந்துக்கோ ஜவ்வாதுக்கோ மாறினால், திரும்பி வரும்போது மல்லிகை பழையபடி மணக்கும். செண்ட் கடையில் கிண்ணத்தில் காப்பிக்கொட்டை வைத்து, நடுநடுவே முகரச் சொல்வார்கள், மூக்கு தெளியும் என்று. 2011-ல் இதைச் சோதித்துப் பார்த்தபோது, வெறும் காற்றை முகர்ந்தவர்களைவிடக் காப்பிக்கொட்டை முகர்ந்தவர்கள் ஒன்றும் மேலாகச் செய்யவில்லை. கடை வாசலுக்கு வந்து இரண்டு மூச்சு விட்டால் அதுவே போதும், வாகனப் புகை இல்லாத தெருவாக இருந்தால். இன்னொரு தடவை அடிக்கலாமா என்ற சந்தேகம் வந்தால் மகளைக் கேளுங்கள், உங்கள் மூக்கைக் கேட்காதீர்கள். ஒன்று மட்டும்: எந்த வாசனையுமே தெரியாமல் போனால், அல்லது திடீரென்று குறைந்தால், அது பழக்கம் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் மகள் பாதி சரி. செண்டைக் கெடுப்பவை வெளிச்சம், சூடு, பாட்டிலுக்குள் புகும் காற்று. பிரான்ஸில் வெர்சாய் நகரத்தில் ஒஸ்மோதெக் என்ற வாசனைத் திரவியக் காப்பகம் இருக்கிறது. பழைய செண்டுகளை அங்கே இருட்டில், 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள். நூறு வருஷம் காக்க வேண்டியவர்களுக்கு அது தேவை. நீங்கள் அடிக்கும் வேகத்துக்கு ஒரு பாட்டில் கெடுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். வெயில் படாத பீரோ போதும்.

பில்லைப் பற்றி மாமியார் கவலைப்பட வேண்டாம். ஒரு 100 மில்லி பாட்டிலைக் குளிர வைக்க ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதன் பிறகு அது சும்மா உட்கார்ந்திருக்கும். செண்ட் எடுக்க நாலைந்து தடவை கதவைத் திறப்பதில்தான் கொஞ்சம் செலவு. அப்படியும் வைப்பதென்றால் மூடியை இறுக்கி, ஒரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். மல்லிகை வாசனையில் தயிர் சாதம் சாப்பிட உங்கள் கணவர் ஒப்புக்கொள்வார் என்று தோன்றவில்லை.