ஆறு செவ்வாய், ஆறு வேலை: வீடு வாங்குற டென்ஷனை முருகன்கிட்ட இறக்கி வைப்போம்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏

நண்பர்களே, சொந்த வீடு வேணும்னு வேண்டிக்கிட்டு சிறுவாபுரி போகாதவங்க நம்ம குரூப்ல ரொம்பக் கம்மி. சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ., திருவள்ளூர் மாவட்டம் சின்னம்பேடு. தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை அங்கே பாலசுப்பிரமணியரை தரிசித்தால் வீடு அமையும் என்பது நம்பிக்கை. அருணகிரிநாதர் பாடிய தலம். ஆறு படைவீடு வைத்திருக்கிறவரிடம் நாம ஒரு வீடு கேட்கிறோம், அவ்வளவுதான்!

ஆனா ஏன் ஆறு வாரம்? என் அனுபவத்தில் ஒரு பதில் கிடைத்தது.

இரண்டாவது செவ்வாய்க்கு முந்தின நாள், நாங்க பார்த்த வீட்டுக்காரர் போன் பண்ணினார். "இன்னைக்கே ரெண்டு லட்சம் டோக்கன் போடுங்க. நாளைக்கு வேற பார்ட்டி வராங்க." அப்பாவின் ரிடையர்மென்ட் பணம் பேங்க்ல ரெடி. எனக்குக் கை பரபரன்னு இருந்தது. அப்பா மட்டும், "நாளைக்குச் சாமி கும்பிட்டுட்டு வந்து பேசிக்கலாம்டா" என்றார். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அந்தச் சொத்து மேல அடமானம் பதிவாகியிருந்தது. கடனை அடைத்ததற்கான ரசீது பதிவாகவே இல்லை. கேட்டதும், "அதெல்லாம் கட்டியாச்சு சார், பேப்பர் வந்துடும்" என்றார். பேப்பர் வரவே இல்லை. விட்டுட்டோம்.

அந்த வாரம் சந்நிதியில் கோபமாகத்தான் நின்னேன், ஏன் முருகா தட்டி விட்டேன்னு. அப்புறம்தான் புரிந்தது. அவர் கொடுத்தது ஒரு நாள் அவகாசம். வீடு வாங்குறதுல பாதி டென்ஷன் அவசரத்தால வருது. ஆறு வார வேண்டுதல் அந்த அவசரத்துக்கு ஒரு பிரேக். அதனால வாரம் ஒரு தரிசனம், கூடவே ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் செவ்வாய்: கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில், வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். இது ரிசர்வ் வங்கி விதி. 60 லட்ச ரூபாய்க்குப் பழைய வீடு என்றால் கடன் 48 லட்சம், கைப்பணம் 12 லட்சம். இதுக்கு மேல முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 5.4 லட்சம். பலர் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான். 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். இப்போ கட்டுற வாடகை போக மீதித் தொகையை மூணு மாசம் ஆர்.டி.யில் போட்டுப் பாருங்க. மூச்சு முட்டினா பட்ஜெட்டைக் குறைங்க.

இரண்டாவது செவ்வாய்: பத்திரம். 30 வருஷ வில்லங்கம், பட்டா, தாய்ப் பத்திரம் மூணையும் பாருங்க. வில்லங்கத்தையும் பட்டாவையும் ஆன்லைன்ல இலவசமாவே பார்க்கலாம். பிறகு ஒரு வக்கீலிடம் கொடுங்க. விற்பவர் சொல்ற வக்கீல் வேண்டாம், நீங்களே தேடுங்க.

மூன்றாவது செவ்வாய்: இடம். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்க. பக்கத்து வீட்டுல தண்ணி எப்படின்னு கேளுங்க. புது ஃபிளாட் என்றால் ரெரா பதிவு எண்ணைச் சரிபாருங்க. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம்.

நான்காவது செவ்வாய்: வீட்டுல பேச்சு. ஆளுக்கு ஒரு கண்டிப்பான தேவையை மட்டும் எழுதச் சொல்லுங்க. எங்க அம்மா எழுதினது, "மாடிப்படி ஏற முடியாது, தரைத்தளம்." அதுவரை அவங்க வாயைத் திறந்து சொல்லவே இல்லை.

ஐந்தாவது செவ்வாய்: கடனும் கிரயமும். மாறும் வட்டியில் தனிநபர் எடுக்கிற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தா அசலில் கட்டுங்க. கிரயப் பத்திர வரைவில் பெயர், நான்கெல்லை, சர்வே எண் மூணையும் வரி வரியா படிங்க. விலை 50 லட்சமோ அதுக்கு மேலோ இருந்தா, 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது நம்ம பொறுப்பு.

ஆறாவது செவ்வாய்: குடிபோற பிளான். பால் காய்ச்சுற நாளும் சாமான் ஏத்துற நாளும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. நல்ல நாளில் முருகன் படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் கொண்டுபோய்ப் பாலைக் காய்ச்சிடுங்க. சாமானை அடுத்த லீவுல நிதானமா ஏத்தலாம். முதல் ராத்திரிக்கு மருந்து, சார்ஜர், மாற்றுத்துணி, காபிப் பாத்திரம், பத்திர ஃபைல் எல்லாம் ஒரே பையில், உங்க கையிலயே இருக்கட்டும்.

ஆறு வாரத்தில் வீடே முடிஞ்சிடும்னு சொல்லலை. எங்களுக்கு இன்னும் பல மாசம் ஆச்சு. ஆறு வேலையும் முடியாம யார் அவசரப்படுத்தினாலும் பணத்தை எடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். "நாளைக்குச் சாமி கும்பிட்டுட்டு சொல்றேன்" என்ற ஒரு வார்த்தை போதும். உண்மையா நமக்குன்னு இருக்கிற வீடு அந்த ஒரு நாள் காத்திருக்கும்.

இப்போ நாங்க இருக்கிறது தரைத்தளம். வாசலில் அம்மா கோலம் போடுறாங்க. இன்னும் வாடகை வீட்டில் ஏக்கத்தோடு இருக்கிற நண்பர் ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.

ஓம் சரவணபவ 🦚